சிறை மீண்டு கடை வைத்தவர்

(தாம்பரத்தில் வ.உ.சி. நினைவு நாள் கூட்டத்தில் பேசியது)



ஆண்டுதோறும் நவம்பர் 18ந் தேதி வ.உ.சி.யின் படத்துக்கு மாலை போடுகிறோம். கப்பல் விட்டதைச் சொல்கிறோம், செக்கிழுத்ததைச் சொல்கிறோம். 1912 டிசம்பர் 24ந் தேதி கண்ணனூர்ச் சிறைக் கதவு திறந்ததோடு கதையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். ஆனால் அதன் பிறகும் அவர் ஏறக்குறைய 24 ஆண்டுகள் உயிரோடிருந்தார். பெண்டாட்டி பிள்ளைகளுக்குச் சோறு போட்டாக வேண்டியிருந்தது. அந்தக் குடும்பஸ்தரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம். இங்கே ஆலைத் தொழிலாளிகளோடு, மார்க்கெட்டில் தராசு பிடிக்கும் சிறு வியாபாரிகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

வக்கீல் தொழில் செய்தவர் ஏன் கடை வைக்க நேர்ந்தது? தண்டனை பெற்றவர் என்பதால் வெள்ளைக்காரன் அவருடைய சன்னதைப் பறித்துவிட்டான். தண்டனைக்கு வித்திட்டது என்ன? அதில் கப்பலுக்கு எவ்வளவு பங்குண்டோ அவ்வளவு பங்கு தூத்துக்குடி கோரல் மில்லுக்கும் உண்டு.

1908 பிப்ரவரி 27ந் தேதி அந்த மில் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர வேண்டும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும். இதுதான் கேட்டது. முதலாளி ஹார்வி கம்பெனி. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளிகளோடு நின்றார்கள். உலை வைக்க அரிசி இல்லாத வீடுகளுக்காக வ.உ.சி. ஊராரிடம் பணம் திரட்டினார். ஒன்பதாம் நாள் கம்பெனி இறங்கி வந்தது.

அந்த நாளில் சிறு தொழில் செய்வோர் யார் பக்கம் நின்றார்கள்? ஒரு கதை சொல்வார்கள். வ.உ.சி.க்கு விரோதமாக இருந்த வக்கீல் ஒருவர் சவரத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். பேச்சோடு பேச்சாக அவர் மனசு வெளிப்பட்டுவிட்டது. சவரத் தொழிலாளி கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார்! பாதி முகம் மழித்தது, பாதி முகம் மழிக்காதது. இது கதை. நடந்ததும் உண்டு. மார்ச் 12ந் தேதி வ.உ.சி.யைக் கைது செய்ததும் தூத்துக்குடியில் ஜட்கா வண்டிகள் ஓடவில்லை, கடைகள் திறக்கவில்லை. கோரல் மில் தொழிலாளிகள், இம்முறை கூலிக்காக அல்ல, அவருக்காக வெளியே வந்தார்கள். நெல்லையில் போலீசார் சுட்டு நான்கு பேர் மாண்டார்கள். திலகருக்காகப் பம்பாய்த் தொழிலாளிகள் ஆறு நாள் வேலை நிறுத்தியதை உலகமே பேசுகிறது, லெனின் எழுதினார். அது அந்த ஆண்டு ஜூலையில். நம் தூத்துக்குடி மார்ச்சிலேயே செய்துவிட்டது.

நாற்பது ஆண்டுத் தண்டனை என்று கோர்ட்டில் படித்தார்கள். அதைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கிவிட்டது. பிறகு அப்பீலில் தண்டனை குறைந்தது. தம்பியின் புத்தி திரும்பவில்லை.

விடுதலையான பிறகு சென்னைக்கு வந்தார். சிந்தாதிரிப்பேட்டை, மயிலாப்பூர், பெரம்பூர் என்று ஜாகை மாறினார். மளிகைக் கடை வைத்தார், மண்ணெண்ணெய் விற்றார். கோவைச் சிறையில் செக்கிழுத்தவர் தராசு பிடித்து மண்ணெண்ணெய் விற்கிறார்! கடை நிலைக்கவில்லை. கையில் முதல் இல்லாதவன் கடை எப்படி நிலைக்கும்? இங்கிருக்கும் வியாபாரிகளுக்கு அது தெரியும். ஜீவா குடிசையில் வாழ்ந்த ஊர் இது. பொது வாழ்வுக்காரன் வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்று தாம்பரத்தாருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த வீட்டு அடுப்பை எரிய வைத்தது யார்?  தென்னாப்பிரிக்காவில் பிழைக்கப் போன தமிழர்களும் பணம் அனுப்பினார்கள். அவர்கள் திரட்டிய ஒரு தொகை காந்தியாரிடம் இருந்தது. 1915 ஏப்ரலில் இதுபற்றிக் கடிதம் தொடங்கியது. கணக்குப் பார்த்து, கடிதம் போய்க் கடிதம் வந்து, 1916 தொடக்கத்தில்தான் கைக்கு வந்தது. 347 ரூபாய் 12 அணா. தேசத்துக்காகக் கப்பல் வாங்கியவர் இந்தத் தொகைக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார். வேண்டாம் என்று கௌரவம் பார்க்கவில்லை. குடும்பம் இருக்கிறது, தேவை இருக்கிறது என்று மறைக்காமல் எழுதினார். கப்பல் விட்டதற்குக் குறைந்த தைரியமா இது?

கஷ்டத்திலும் தொழிலாளியை அவர் மறக்கவில்லை. திரு.வி.க.வோடு சேர்ந்து சென்னைத் தொழிலாளிகளிடையே பேசினார். 1918 ஏப்ரல் 27ந் தேதி பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவரானார். ஆனால் ஆலைத் தொழிலாளிகளின் குறையை முதலில் காதுகொடுத்துக் கேட்டு, வாடியாவைத் தேடிப் போய் அழைத்து வந்தவர்கள் செல்வபதிச் செட்டியார், இராமாநுஜலு நாயுடு என்ற இரண்டு சிறு வியாபாரிகள். உப்பு, புளி, துணி வாங்க வருகிற தொழிலாளி தன் துன்பத்தை வேறெங்கே போய்ச் சொல்வான்?

பிற்பாடு வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் தயவால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காக ஒரு மகனுக்கு வாலேசுவரன் என்று பேர் வைத்தார். நம்மில் சிலருக்கு அது பிடிக்காமலிருக்கலாம். பறிபோன பிழைப்பைத் திரும்பப் பெற்றவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். கோவில்பட்டியில் வக்கீல் தொழில் செய்தார், கடைசியில் தூத்துக்குடிக்கே திரும்பினார். வருமானம் போதவில்லை.

1936ல், சாகும் முன் உயில் எழுதினார். சொத்துக்காரன் உயிலில் நிலமும் வீடும் வரும். அவர் உயிலில் ஜவுளிக்கடைப் பாக்கி வருகிறது, எண்ணெய்க்கடைப் பாக்கி வருகிறது. இன்னாருக்கு இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று ஒன்று விடாமல் எழுதி வைத்தார்.