கடல் கடந்த பொருளியல் கல்வியும் நம் இளைஞரும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெளிநாடு சென்று பொருளியலோ நிதியியலோ முதுகலை பயில விரும்புவோர் செய்ய வேண்டியவை குறித்துப் பேசுமாறு செயலாளர் பணித்தார். பி.ஏ., பி.எட். பட்டத்தோடு நின்றுவிட்ட, கடலை இராமேசுவரத்தில் மட்டுமே கண்ட தலைமையாசிரியர் ஒருவரிடம் இப்பொருளை ஒப்படைத்தது தகுமா என நாமும் ஐயுற்றோம். எனினும் சில ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் விண்ணப்பங்களை அருகிருந்து நிரப்பி வருகிறோம். அவ்வகையில் அறிந்தவற்றையே இங்கு உரைக்கிறோம்.

இத்துறை நமக்கு அயலானதன்று. அண்ணல் அம்பேத்கர் 1913ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவருடைய முதன்மைப் பாடம் பொருளியலே. 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார், அடுத்த ஆண்டு லண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். சிலைகளில் அவரைச் சட்ட மேதையாகவே கண்டு பழகிவிட்ட நாம், ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து 1923இல் லண்டனில் டி.எஸ்சி. பட்டம் பெற்றவர் அவர் என்பதை நினைப்பதில்லை. அந்த 1916க்கும் 1923க்கும் இடையே நிகழ்ந்ததைக் கருத்தூன்றிக் கேளுங்கள். பரோடா மன்னர் வழங்கிய உதவித்தொகையின் காலம் முடிந்தமையால் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு அவர் திரும்ப நேர்ந்தது. பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்து சேமித்த பணம், கோலாப்பூர் சாகு மகாராசரின் உதவி, நண்பர் ஒருவரின் கடன் ஆகியவற்றைக் கொண்டு 1920இல்தான் மறுபடியும் சென்றார். பணம் தீர்ந்த இடத்தில் அவருக்கே படிப்பு நின்றது. ஆதலால், எந்த நாடு என்று வினவும் முன், எத்தனை மாதங்களுக்கு யார் பணம் தருவார் என்று வினவுங்கள்.

பொருளியலும் நிதியியலும் ஒன்றென எண்ணுவோர் உளர். முன்னதன் முதுகலையில் நுண்ணினப் பொருளியல், பேரினப் பொருளியல், பொருளாதார அளவையியல் ஆகிய மூன்றும் முதுகெலும்பு. பின்னது நிறுவனங்களின் நிதி, பங்கு, கடன் பத்திரங்களின் விலை, கணக்கியல் ஆகியவற்றை வேலைக்கேற்பக் கற்பிப்பது. கட்டணமும் பெரும்பாலும் கூடுதல். மத்திய அரசின் இந்தியப் பொருளியல் பணித் தேர்வை எழுத விரும்புவோர்க்குப் பொருளியல் சார்ந்த முதுகலை வேண்டும்; நிதியியல் பட்டம் அங்குச் செல்லாது. இதனை அறியாமல் பெயரின் கவர்ச்சியில் மயங்கிவிடாதீர்கள்.

இனி, சொல்லக் கூச்சமுறும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் பத்தாம் வகுப்பு தேறிய மாணவி ஒருவர் வணிகக் கணிதம் உள்ள பிரிவைக் கேட்டார். “கணக்கு உனக்குப் பாரமாகிவிடும் அம்மா, வரலாற்றுப் பிரிவை எடுத்துக்கொள்” என்று அறிவுரை கூறி அனுப்பினோம். அன்புடன்தான் கூறினோம். அவர் பி.ஏ. பொருளியலில் நல்ல மதிப்பெண் பெற்று, வெளிநாட்டு முதுகலைக்கு வழி கேட்டு நம்மிடமே வந்தார். பல்கலைக்கழகங்களின் தகுதி விதிகளை இருவரும் ஒவ்வொன்றாகப் படித்தோம். நுண்கணிதம் படித்தீரா, அணிகள் படித்தீரா, புள்ளியியல் எத்தனை தாள் என்பதே எங்கும் கேள்வி. பல துறைகள் ஜி.ஆர்.இ. தேர்வில் கணிதப் பகுதியின் மதிப்பெண்ணையும் நோக்குகின்றன. கடவுச்சீட்டு அலுவலகத்தில் அடைபடும் கதவென்று நாம் நினைத்திருந்தது, நம் பள்ளிச் சேர்க்கை மேசையிலேயே அடைபட்டிருந்தது. அடைத்த கையும் நம்முடையதே.

அம்மாணவி சோர்ந்துவிடவில்லை. அரசின் ஸ்வயம் தளத்தில் இணையவழியாகக் கணிதமும் புள்ளியியலும் ஓராண்டு பயின்று, பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடமும் பெற்றார். அங்கே மூன்றாண்டு இளங்கலையைப் பரவலாக ஏற்கின்றனர். அமெரிக்காவில் நான்காண்டுப் படிப்பைக் கேட்கும் இடங்கள் பல. பிரிட்டனின் ஓராண்டு முதுகலைக்கு 2022ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி நம் நாட்டில் ஏற்பும் உண்டு.

இடம் கிடைத்தும் அவர் செல்லவில்லை. பட்டியல் சாதியினர் உள்ளிட்டோர்க்கு மத்திய அரசு வழங்கும் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள். அவற்றுள் 115 பட்டியல் சாதியினர்க்கு. வயது 35க்குள், மதிப்பெண் 60 விழுக்காடு, குடும்ப ஆண்டு வருமானம் 8 இலட்சத்துக்குள், உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் உள்ள பல்கலைக்கழகம் என்பன விதிகள். இவற்றோடு, நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதமும் வேண்டும். அவருக்கு வந்ததோ, பட்டச் சான்றிதழைக் காட்டினால் சேர்ப்போம் என்னும் நிபந்தனைக் கடிதம். சான்றிதழுக்காக இங்குள்ள பல்கலைக்கழக அலுவலகம் ஒன்றுக்கு நான்கு முறை சென்றோம். ஐந்தாம் முறை அது கைக்கு வந்தபோது உதவித்தொகையின் கடைசி நாள் கடந்திருந்தது. எனவே, இறுதியாண்டு முடிந்த மறுநாளே சான்றிதழ்களுக்குப் பணம் கட்டிவிடுங்கள். அண்ணல் பெயரால் தமிழக அரசு நடத்தும் அயல்நாட்டு உயர்கல்வி உதவித் திட்டமும் உண்டு. விதிகள் மாறக்கூடியவை, அந்தந்த ஆண்டின் அறிவிக்கையை வரி விடாமல் படியுங்கள்.

ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் பொருளியல் முதுகலையை ஆங்கிலத்திலேயே கற்பிக்கின்றனர். கல்விக் கட்டணம் இல்லை. ஆயினும் விசாவுக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவை வங்கியில் முன்கூட்டியே வைத்துக் காட்டல் வேண்டும். நகரத்து முகவர்கள் இவற்றையெல்லாம் சொல்வதில்லை. மாணவரைச் சேர்த்துவிட்டால் கமிஷன் தரும் பல்கலைக்கழகங்களையே அவர்கள் முதலில் சொல்வார்கள். முகவர் சொல் கேட்டு வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கத் துணிந்த தந்தை ஒருவரைத் தடுத்து நிறுத்தியதில் நமக்கு இன்றளவும் நிறைவே; அவருக்கு வருத்தம் இருக்கலாம்.

விண்ணப்பத்தோடு நோக்க உரை ஒன்று எழுத வேண்டும். நம் பிள்ளைகள் அதில் வறுமையை மட்டுமே எழுதிவிடுகிறார்கள். பட்ட துன்பத்தை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தேர்வுக் குழுவினர் தேடுவது ஒரு கேள்வியை. மகளிர் குழுவில் குறைந்த வட்டிக்குக் கடன் பெற்ற குடும்பம் அதே மாதத்தில் கந்து வட்டிக்கும் ஏன் வாங்குகிறது? அம்மாணவி தம் தெருவில் பதினான்கு வீடுகளில் கேட்டுக் குறித்து இதனை எழுதினார். படித்தபோது, இது பொருளியல்தான் என்பது நமக்கே விளங்கிற்று. பரிந்துரைக் கடிதத்திற்குப் பேராசிரியர்கள், “நீயே எழுதி வா, கையெழுத்திடுகிறேன்” என்பர். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் இப்போது பேராசிரியருக்கே நேரடியாக மின்னஞ்சல் அனுப்புகின்றன. ஆகவே இரண்டாம் ஆண்டிலேயே இரு பேராசிரியர்களுக்கு உங்கள் பெயரும் முகமும் தெரிந்திருக்க வேண்டும்.

அவர் இவ்வாண்டு மீண்டும் விண்ணப்பித்துள்ளார். முடிவு இன்னும் வரவில்லை. வரும் சூன் மாதப் பதினோராம் வகுப்புச் சேர்க்கையில், கணிதம் கேட்கும் பிள்ளை எவரையும் திருப்பி அனுப்புவதில்லை என்று நம் ஆசிரியர்களோடு பேசி முடித்திருக்கிறோம். ஞாயிறுதோறும் காலை சங்கப் படிப்பகத்தில் இருப்போம். மதிப்பெண் பட்டியல்களை எடுத்துக்கொண்டு வாருங்கள்.