காமாட்சி என்னும் திருப்பெயர்



பண்டு தகடூர் என வழங்கிய தருமபுரியில், கோட்டை மல்லிகார்சுனேசுவரர் திருக்கோயிலில், அன்னை கல்யாண காமாட்சியாக எழுந்தருளியிருக்கின்றாள். படியேறித் தொழும் உயர்ந்த சந்நிதி அது. அதன் அடித்தளத்தில் இராமாயணக் காட்சிகள் சிறுசிறு சிற்பங்களாக அமைந்துள்ளன. அன்னையின் பெயரைத் தம் பெண்மக்களுக்கு இட்டு மகிழ்ந்த தலைமுறைகள் பல. இக்காலப் பெற்றோர் சிலரோ அப்பெயரிடச் சற்றே தயங்குகின்றனர். முதலில் நிற்கும் ‘காம’ என்னும் சொல்லே அதற்குக் காரணம்.

அத்தயக்கம் வேண்டுவதில்லை. அச்சொல் பிற்காலத்தில்தான் பொருள் குறுகிற்று. திருக்குறளின் மூன்றாம் பால் காமத்துப்பால் என்றே பெயர் பெற்றது. ஆண்டு அது தலைவன் தலைவியரின் தூய அன்பைக் குறிக்கும். வடமொழியில் காமம் என்பது விருப்பம். அக்ஷி என்பது கண். அடியார் விரும்பியதைக் கண்ணோக்காலேயே அருள்பவள் காமாட்சி. கா என்பது கலைமகள், மா என்பது திருமகள். அவ்விருவரையும் கண்களாக உடையவள் என்றும் பெரியோர் விரித்துரைப்பர். இஃது இலக்கணம் கண்ட பொருளன்று, பக்தி கண்ட பொருள், ஆயினும் சுவையுடையது.

அக்ஷி என்பது தமிழில் அட்சி ஆயிற்று. மீனாட்சி, விசாலாட்சி என்பனவும் அவ்வாறே. நற்றிணையின் 243ஆம் பாட்டைப் பாடியவர் காமக்கணி நப்பசலையார். காமக்கணி என்பது காமாட்சியின் தமிழ் வடிவே எனக் கொள்வாரும் உளர். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவோணகாந்தன்தளிப் பதிகத்தில் கச்சியின் காமக்கோட்டத்தைக் குறிப்பிடுகின்றார். சோழர் காலக் கல்வெட்டுகளிலோ, எவ்வூர்ச் சிவாலயமாயினும், அம்மன் சந்நிதிக்குத் திருக்காமக்கோட்டம் என்பதே பெயர். அங்குள்ள அம்பிகையின் திருநாமம் வேறாயினும் கோட்டம் காமக்கோட்டமே! ஒரு பெயர்க்கு இதனினும் பெருவழக்கு உண்டோ?

மணமகள் புகுந்த வீட்டிற்கு எடுத்துச் செல்வதும் காமாட்சி விளக்கே. காமு எனச் செல்லமாகவும், காமாட்சியம்மாள் என மதிப்பாகவும் இப்பெயர் வழங்கும். ஆடவரும் காமாட்சிநாதன், காமாட்சிசுந்தரம் எனப் பெயர் பூணுவர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் கலந்து வாழும் இம்மாவட்டத்தில், மும்மொழியார்க்கும் பொதுவாக நிற்கும் பெயர் இது.

பாட்டியின் பெயரைத் தாங்குபவள் ஆதலின் பெயர்த்தி. அதுவே பேத்தி என மருவிற்று. சில இல்லங்களில், பெயர் சூட்டும் நாளில் பெயர்த்தியின் காதில் காமாட்சி என ஓதிவிட்டு, பள்ளிப் பதிவேட்டில் வேறொரு பெயர் எழுதுகின்றனர். காதில் ஓதிய பெயரையே பதிவேட்டிலும் எழுதுதற்குத் தடை யாதும் இல்லை.