யார் எடுப்பித்த படம்?



காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமானது 1739-ஆம் ஆண்டில். சரியாக நூறாண்டு கழித்து, 1839 ஆகஸ்டு மாதத்தில், அதே பிரெஞ்சு ராஜாங்கம் தாகேர் என்பவர் கண்ட படப்பிடிப்பு முறையைப் பாரிஸ் நகரில் உலகறிய வெளியிட்டது. இவ்விரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றுமில்லை. ஆண்டுகள் நினைவில் நிற்கட்டும் என்றுதான் சொல்லுகிறேன்.

பழைய நிழற்படங்களைக் கொண்டு ஒரு ஜனசமூகத்தின் வாழ்க்கையை ஆராயப் புகுவோர், படத்தில் இருப்பவர் யார், எடுத்தவர் யார் என்னும் இரு வினாக்களோடு பெரும்பாலும் திருப்தியடைந்து விடுகின்றனர். அப்படத்தை எடுப்பித்தவர் யார், என்ன காரியத்திற்காக எடுப்பித்தார் என்பதே முதற்கண் கேட்கத்தக்கது என்பது என் அபிப்பிராயம்.

இதை விளக்க ஆப்கானிஸ்தானத்தைப் போல் உதவும் தேசம் வேறில்லை. ஈட்டிக்காரர் என்றும் பட்டாணியர் என்றும் நம் பாட்டன்மார் அஞ்சிய, வட்டிக்குக் கொடுத்துத் திண்ணையில் அமர்ந்து வசூலிக்கும் நெடிய மனிதரைத் தவிர, அந்நாட்டைப் பற்றி நம்மவர் அறிந்தது அற்பமே. 1879 மே மாதத்தில், கண்டமக் பாசறையில், அமீர் யாகூப் கானையும் பிரிட்டிஷ் தூதர் கவாஞரியையும் ஒன்றாக உட்காரவைத்து ஜான் பர்க் என்பவர் எடுத்த படத்தில் சமாதானமே குடிகொண்டிருப்பது போல் தோன்றும். ஆயினும் அம்மாதம் 26-ஆம் தேதி கையெழுத்தான உடன்படிக்கையின் மை உலர்ந்து நான்கு மாதம் ஆவதற்குள், செப்டம்பர் 3-ஆம் தேதி, கவாஞரி காபூலில் கொல்லப்பட்டார். படையோடு சென்றவர் எடுத்த படத்தில், படை விரும்பிய சமாதானம் பதிந்திருந்தது.

அடுத்து அரசர்களே காமிராவைக் கையில் எடுத்துக் கொண்டார்கள். 1901 முதல் 1919 வரை ஆண்ட ஹபீபுல்லா கான் படமெடுப்பதில் தீராத பிரியமுடையவர். அவர் மைந்தர் அமானுல்லா 1927 டிசம்பரில் புறப்பட்டு ஐரோப்பிய நகரங்களைச் சுற்றி வந்த காலத்தில், ராணி சுரையா முகத்திரையின்றிக் காட்சியளித்த படங்கள் மலைக்குடிகளிடையே கைமாறிக் கலகத்தைத் தூண்டின என்று வரலாற்றாசிரியர் பலர் எழுதுவர். 1929 ஜனவரியில் அமானுல்லா முடிதுறந்தது மெய். வரிச்சுமையும் படைவீரரின் சம்பளக் குறைவும் இருக்க, படமொன்றால் அரசொன்று வீழ்ந்ததென்பதை நான் அவ்வளவு எளிதில் நம்புவதில்லை.

குடிமக்களின் முகங்களைத் தெருவோரத்து மரப்பெட்டிக் காமிராக்காரர்களே அங்கே பதிவு செய்தனர். பெட்டியே காமிரா, பெட்டியே இருட்டறை. முதலில் காகிதத்தில் நெகட்டிவ் எடுத்து, அதனை முன்பலகையில் பொருத்தி மறுமுறை படமெடுத்தால் உரிய முகம் கிடைக்கும். 1996 முதல் 2001 வரை தாலிபான் ஆட்சி உயிருள்ளவற்றின் படங்களைத் தடை செய்தது. எனினும் பாஸ்போர்ட்டுப் படத்திற்கு அனுமதி இருந்தமையால் ஸ்டுடியோக்கள் அடியோடு மூடப்படவில்லை. அவ்வாட்சி வீழ்ந்தவுடன் காந்தஹாருக்குச் சென்ற தாமஸ் துவோர்சாக் என்னும் புகைப்படக்காரர், தடை விதித்த கூட்டத்து இளைஞர்களே வர்ணத்திரையின் முன்னே, மலர்களும் துப்பாக்கியுமாக, கண்ணுக்கு மையெழுதி எடுத்துக்கொண்ட படங்களை அக்கடைகளில் கண்டெடுத்தார். பிரசங்கங்களும் ஆணைகளும் சொல்லாத அவர்களுடைய அந்தரங்கத்தை அப்படங்கள் சொல்லிவிட்டன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். லின்னேயஸ் டிரைப் என்னும் சென்னை அரசாங்கப் படப்பிடிப்பாளர் 1858-இல் தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் அடித்தளக் கல்வெட்டுக்களை இருபத்தொரு படங்களாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். கம்பெனிக்கு வேண்டியது கட்டடமும் சாசனமும். அதன்பின் 1868-க்கும் 1875-க்கும் இடையே இந்திய மக்களைப் பற்றி லண்டனில் எட்டுத் தொகுதிகள் வெளிவந்தன. எல்லைப்புறத்து ஆப்கானியர் உட்பட மனிதர்களைச் சாதிவாரியாக வகுத்து, இன்ன வகையார் இன்ன குணத்தார் என்று அவற்றில் குறிப்பெழுதி வைத்தனர். 1857-இன் கலகத்தைக் கண்டு திகைத்த ஓர் அரசு தன் பிரஜைகளை இனங்கண்டுகொள்ள முயன்ற முயற்சி என்றே அத்தொகுதிகளைப் படிக்கவேண்டும்.

இதே காலத்தில்தான் நம் துறைமுகத்திலிருந்து ரெயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் கரும்புத்தோட்ட வேலைக்கு ஆள்களைக் கப்பலேற்றினர். ஆங்கிலேயர் ஆண்ட மொரீசில், ஒப்பந்தம் முடிந்த கூலிகள் முகப்படம் ஒட்டிய சீட்டைக் கையோடு வைத்திருக்கவேண்டுமென்று 1867-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது; தவறியவர் நாடோடி என்று பிடிபட்டுச் சிறை புகுவர். சென்னையிலிருந்து சென்ற தமிழர் பலரின் முகங்கள் இவ்வாறு பதிவாயின. அவை இன்று மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. தம் முன்னோரை நாடி அங்கு செல்லும் பேரப்பிள்ளைகளுக்கு, காவலர் சோதிப்பதற்கென எடுத்த அந்தச் சிறுபடமே கொள்ளுப்பாட்டனின் முகமாகிறது.

குடும்பங்கள் தாமே பணம் கொடுத்து எடுத்துக்கொண்ட படங்களோ வேறு வகை. நம் பக்கத்து ஸ்டுடியோக்களில் ருதுவான பெண்ணுக்குச் சடையில் பூத்தைத்து உட்காரவைத்து, பின்னே கண்ணாடியை நிறுத்தி, முகமும் சடையும் ஒரே படத்தில் விழும்படி செய்வார்கள். ஆண் குழந்தைக்குக் கிருஷ்ணன் வேடம் போடுவார்கள். மாப்பிள்ளை கைக்கடிகாரம் தெரியும்படி முழங்கையைச் சிறு மேசையில் ஊன்றுவார். உயிரோடிருக்கையில் படமே எடுக்காதவரை, இறந்தபின் நாற்காலியில் சார்த்திச் சுற்றம் சூழ எடுத்ததும் உண்டு. இல்லாத நகையைத் தூரிகையால் எழுதிச் சேர்ப்பதும் தொழிலில் அடங்கும். பொய் நகை, இரவல் கடிகாரம், திரையிலெழுதிய மாளிகை என்று இவற்றை ஒதுக்குவோரின் கருத்தை நான் ஏற்பதில்லை. ஒரு குடும்பம் தன்னை எப்படிப் பிறர் காணவேண்டுமென்று ஆசைப்பட்டது என்பதற்கு இதைவிட மெய்யான சாட்சியம் எங்கே கிடைக்கும்?

காரைக்காலுக்கு இதில் தனிப் பங்குண்டு. சொல்தா என்னும் பிரெஞ்சுப் படைவீரராகவும் கணக்கராகவும் துணி வணிகராகவும் இந்தோசீனாவுக்குப் போனவர்கள், ஊரில் காத்திருந்தவர்களுக்குச் சைகோனிலிருந்து படம் அனுப்பினார்கள். தொப்பியும் பூட்சும் அணிந்த அந்த இளைஞர்களை நம் வீட்டுக் கூடங்களில் இன்றும் காணலாம். இஸ்லாமிய இல்லங்கள் பலவற்றில் உருவப்படத்தைச் சுவரில் மாட்டும் வழக்கமில்லை. ஆனால் சபர் என்னும் கடல்கடந்த பயணம் போனவரின் பாஸ்போர்ட்டுப் படம் பெட்டிக்குள் பத்திரமாயிருக்கும்.

இவற்றில் காணாத முகங்களையும் சொல்லவேண்டும். காவிரிக் கிளைகள் பாயும் வயல்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் ஸ்டுடியோ வாசலை மிதித்ததில்லை. 1993-இல் தேர்தல் ஆணையம் படத்துடன் கூடிய வாக்காளர் அட்டைக்கு ஆணையிட்ட பின்பே, எத்தனையோ மூதாட்டிகள் முதன்முறையாகக் காமிராவின் முன் அமர்ந்தனர். அவர்கள் காலமானதும் அவ்வட்டையிலுள்ள படத்தையே பெரிதாக்கி மாலையிட்டுச் சுவரில் மாட்டினர் பிள்ளைகள். அரசு எடுப்பித்த படத்தைக் குடும்பம் தனதாக்கிக்கொள்ளும் இந்தச் செயல் மொரீசிலும் இங்கும் ஒன்றாகவே நிகழ்கிறது.

1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் கோயில்களையும் சிற்பங்களையும் காட்டும் படங்கள் ஒரு லட்சத்துக்கு மேல் உள்ளன. பிரித்தானிய நூலகத்தின் நல்கையோடு, தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களிலும் வீடுகளிலும் கிடந்த மனிதர்களின் படங்களைப் பிரதியெடுக்கும் பணியையும் அந்நிறுவனத்தார் அண்மையில் செய்தனர். காலம் தாழ்ந்த பணிதான். கண்ணாடி நெகட்டிவ்களைக் கழுவி, படத்துக்குச் சட்டம் போடும் கண்ணாடியாக்கிவிட்ட கடைகள் எத்தனையோ. கடற்கரை ஊரின் உப்புக்காற்று எஞ்சியவற்றை அரிக்கிறது. கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு முதலிய மீனவர் ஊர்களில் 2004 டிசம்பர் 26-ஆம் தேதி வீடுகளோடு படங்களும் கடலுக்குப் போயின.

ஆகவே இந்த அவையிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் படங்களின் பின்புறத்தில், பேனாவால் எழுதாமல் மெல்லிய பென்சிலால், பெயர், உறவு, ஊர், ஆண்டு, எதற்காக எடுத்தது என்பவற்றை எழுதி வையுங்கள். சட்டத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடே பிரதியெடுக்கச் செய்யுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிவிடாதீர்கள். படத்திலிருப்பவர் இன்னாரென்று சொல்லக்கூடிய பாட்டிமார் வீட்டில் இருந்தால் இந்த வாரமே கேளுங்கள். மாணவர்கள் தெருவாரியாகப் பிரித்துக்கொண்டு இப்பணியைச் செய்யலாம். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு வரும்போது, பெயரெழுதிய ஒரு படத்தின் பிரதியையாவது ஒவ்வொருவரும் கொண்டு வரவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.