வான்வழியும் மலைப்பாதையும்

கிழக்கு ஆபிரிக்காவிலுள்ள ருவண்டாவை ஆயிரம் மலைகளின் நாடு என்பர். அங்கே ஒரு குன்றின்மீது நின்று நோக்கினால், அடுத்த குன்றிலுள்ள வைத்தியசாலை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். ஆயினும், வளைந்து இறங்கி ஏறும் பாதையிற் செல்ல வெகுநேரம் பிடிக்கும். முன்னாளில் நோயாளியை 'இன்கோபி' என்னும் பின்னற் படுக்கையிற் கிடத்தி, ஊரார் தோளிற் சுமந்து சென்றனர். பிள்ளைப்பேற்றின்போது பெருகும் உதிரப்போக்கோ, பாதை முடியும்வரை காத்திருப்பதில்லை.

2016 ஆம் ஆண்டு ஒக்ரோபரில், தலைநகர் கிகாலிக்குத் தென்மேற்கேயுள்ள முஹாங்காவிலிருந்து ஆளில்லா விமானங்கள் மூலம் இரத்தம் அனுப்பும் பணி தொடங்கிற்று. ருவண்டா அரசாங்கத்துடன் சேர்ந்து இதனை நடத்த முன்வந்தது சிப்லைன் என்னும் அமெரிக்க நிறுவனம். பற்றரியால் இயங்கும் இவ்விமானத்தைக் கவணிலிருந்து கல்லை எறிவதுபோல ஏவிவிடுகின்றனர். மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர் வேகத்திற் பறந்து, வைத்தியசாலை முற்றத்துக்கு மேலே வந்ததும் பொதியைச் சிறியதொரு பரசூட்டில் இறக்கிவிட்டு அது திரும்பிவிடும். அது சுமப்பது இரண்டு கிலோகிராமுக்கும் குறைவே.

இவ்வளவு சிறிய சுமையைக்கொண்டு ஒரு நாட்டின் வைத்தியசாலைகளை நடத்திவிட முடியுமா? முடியாது. சேலைன் போத்தல்களும் மருந்துப் பெட்டிகளும் லொறியில்தான் போகவேண்டும். அவற்றின் தேவையை முன்கூட்டியே கணித்து, ஒரே நடையில் வண்டி நிறைய ஏற்றிவிடலாம். விமானம் கொண்டுசெல்லும் இரத்தங்கூட இரத்த வங்கியிலிருந்து முஹாங்காவுக்குத் தரைவழியேதான் வந்து சேருகிறது.

கணிக்க முடியாதது அவசரத் தேவை ஒன்றே. செங்குருதிக் கலங்களைக் குளிரில் ஏறத்தாழ ஆறு வாரம் வைத்திருக்கலாம். குருதிச் சிறுதட்டுக்களோ ஐந்து நாளளவில் பயனற்றுப்போகும். எந்த வகை இரத்தம் எந்நேரம் வேண்டியிருக்குமோ என்று ஒவ்வொரு சிறு வைத்தியசாலையும் எல்லா வகைகளையும் சேர்த்துவைத்தால், பெரும்பகுதி வீணாகும். சேர்த்துவையாது விட்டால் உயிருக்கு ஆபத்து. எல்லாவற்றையும் ஓரிடத்திற் குவித்துவைத்து, கேட்டவுடன் அனுப்புவதே இதற்குக் கண்ட வழி. 2022 ஆம் ஆண்டில் 'லான்செற் குளோபல் ஹெல்த்' என்னும் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வொன்று, ஒப்பிடும் முறையைப் பொறுத்து, விமானம் சராசரி 79 அல்லது 98 நிமிடம் முந்திச் சேர்ந்தது எனக் கூறுகிறது. ஆய்வுக்குட்பட்ட வைத்தியசாலைகளில், ஓராண்டளவில் காலாவதியாகும் இரத்தப் பொதிகள் 67 சதவீதம் குறைந்தன.

இத்திட்டத்தின் சிக்கனத்தைப் புகழ்வோர், விமானம் எரிபொருள் குடிப்பதில்லை என்பதையே முதலிற் சொல்கின்றனர். எனக்கோ அந்த 67 சதவீதமே பெரிதாகப் படுகிறது. கொட்டப்படாத ஒவ்வொரு பொதியும் யாரோ ஒருவர் கைநீட்டிக் கொடுத்த உதிரமல்லவா?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். முஹாங்காவிற் பணிதொடங்கிய இவ்வகை விமானம் வைத்தியசாலை முற்றத்தில் தரையிறங்குவதில்லை. அங்கிருந்து எதனையும் எடுத்துச் செல்லவும் இயலாது. நோயாளியின் இரத்த மாதிரியை வெளியூர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டுமானால், பழைய மலைப்பாதையில் ஒரு மோட்டார் சைக்கிள்தான் புறப்படவேண்டும்.