காலுக்கு வந்தது காலணியோடு போகட்டும்



விடியற்காலையில் ஜொகூர் கடற்பாலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நன்றாகத் தெரியும். சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் மலேசியர்களின் மோட்டார் சைக்கிள்கள் ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்துக்கொண்டு நகரும். தலையில் தலைக்கவசம் இருக்கும். பார்வையைச் சற்றுக் கீழே இறக்கினால் கதை வேறு. சிலர் காலில் சிலிப்பர். சிலர் காலில் மெல்லிய துணிச் சப்பாத்து. தொழிற்சாலையில் அணிய வேண்டிய பாதுகாப்புக் காலணியோ பைக்குள் பத்திரமாக இருக்கும். மழையில் நனைந்துவிடக் கூடாதாம்! காலணிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு காலுக்குக் கிடைப்பதில்லை.

மலேசியாவில் தலைக்கவசம் 1973ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டது. காலுக்கு அப்படியொரு பழக்கம் இன்னும் வரவில்லை. நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் ஏறக்குறைய மூன்றில் இருவர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். உயிர் தப்பியவர்களுக்கு அதிகம் அடிபடும் இடங்களில் முதன்மையானது கால்.

இதற்குக் காரணம் எளிது. மோட்டார் சைக்கிள் பக்கவாட்டில்தான் சாய்கிறது. சாதாரண கப்சாய் வண்டியே ஏறக்குறைய நூறு கிலோ எடை. அது விழும்போது மிதிகட்டைக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்வது கணுக்கால். வண்டி சறுக்கிக்கொண்டே போனால் சாலை அரம்போல் தோலை உரிக்கிறது. இதற்கு வேகம்கூடத் தேவையில்லை. சந்திப்பில் மணல் கிடந்தால் போதும்.

<b>ஆய்வு சொல்வது என்ன?</b>

ஆஸ்திரேலியாவில் விபத்துக்குள்ளான 212 மோட்டார் சைக்கிளோட்டிகளை ஆராய்ந்து 2011ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கவசம் பொருத்திய பூட்ஸ் அணிந்தவர்களுக்குப் பாதத்திலும் கணுக்காலிலும் காயம் ஏற்படும் அபாயம் 45 விழுக்காடு குறைந்திருந்தது. அதைவிட முக்கியமான செய்தி ஒன்றும் அதில் உண்டு. மோட்டார் சைக்கிளுக்கென்று செய்யப்படாத சாதாரண பூட்ஸ் அணிந்தவர்களுக்குக்கூட, சப்பாத்து அல்லது ஓட்டக் காலணி அணிந்தவர்களைவிட அபாயம் பாதிக்கும் கீழே இருந்தது.

அதே ஆய்வு இன்னொன்றையும் மறைக்கவில்லை. கவசம் எலும்பு முறிவைக் குறைத்ததற்கான ஆதாரம் அதில் கிடைக்கவில்லை. ஆகவே பூட்ஸ் அணிந்துவிட்டோம் என்று முறுக்கிக்கொண்டு ஓட்டுவது அறிவீனம். தோல் உரிவதையும் சதை கிழிவதையும் தடுப்பதே அதன் பெரிய பயன். அதுவே சிறிய பயனன்று. நீரிழிவு அதிகம் காணப்படும் இந்தியச் சமூகத்தில், காலில் ஏற்படும் ஒரு சிராய்ப்பு ஆறாத புண்ணாகிப் பாதத்தையே இழக்கும் நிலைக்குக் கொண்டுபோகலாம். நாள் சம்பளத்தை நம்பியிருக்கும் குடும்பத்தில் ஒரு மாதம் கால் ஊன்ற முடியாவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

<b>கடையில் செய்ய வேண்டிய சோதனை</b>

முதலில் உயரம். கணுக்கால் எலும்பு இரண்டு பக்கமும் முழுதாக மூடியிருக்க வேண்டும். அடுத்து, ஒரு கையில் குதிகால் பகுதியையும் மறு கையில் முன்பகுதியையும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிப் பார்க்கலாம். எளிதில் முறுக்கிக்கொண்டால் அது வேண்டாம். பாதத்தின் அகன்ற பகுதியில் இரண்டு பக்கமும் அழுத்திப் பார்க்கலாம். அட்டைப்பெட்டிபோல் மடங்கினால் வண்டியின் எடையை அது தாங்காது. கணுக்கால் பக்கத்தில் கெட்டியான தட்டு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

பூட்ஸை உதறிக் கழற்ற முடிந்தால், விபத்திலும் அது கழன்று பறந்துவிடும். கயிறு கட்டும் வகையானால் அதன் நுனி உள்ளே செருகப்பட வேண்டும். தொங்கும் கயிறு கியர் மிதியில் சிக்கிக்கொண்டால், வண்டி நிற்கும்போது காலை ஊன்ற முடியாது. உள்பக்கம் ஜிப் வைத்து, மேலே ஒட்டுப்பட்டை மூடிய பூட்ஸ் இதற்கு வசதி.

மோட்டார் சைக்கிளோட்டிகளின் காலணிக்கு இ.என். 13634 என்ற ஐரோப்பியத் தரநிலை உள்ளது. அதன்படி சோதிக்கப்பட்ட பூட்ஸின் உள்ளே, மோட்டார் சைக்கிளோட்டியின் சின்னத்தோடு நான்கு எண்கள் இருக்கும். உயரம், உராய்வைத் தாங்கும் திறன், வெட்டைத் தாங்கும் திறன், பக்கவாட்டு நசுக்கலைத் தாங்கும் திறன் என்பது வரிசை. ஒவ்வொன்றும் 1 அல்லது 2. இரண்டு என்றால் உயர்ந்த தரம். ஐ.பி.ஏ. என்ற எழுத்துகள் கணுக்கால் கவசத்தையும், டபிள்யூ.ஆர். என்பது நீர் புகாத தன்மையையும் குறிக்கும். தோற்றத்தில் பந்தய வீரரின் பூட்ஸ் போலிருந்தும் இந்தச் சின்னம் இல்லையென்றால், விலையைக் கேட்பதற்கு முன் யோசிக்க வேண்டும்.

அவ்வளவு செலவு செய்ய முடியாதவர்கள் என்ன செய்வது? பைக்குள் கிடக்கும் அந்த வேலைப் பூட்ஸ் கணுக்காலை மூடுமானால், வீட்டிலிருந்தே அதை அணிந்து புறப்படலாம். இரும்பு முனை சற்றுப் பருமனாக இருப்பதால், கியர் மிதியில் கால் தடையின்றி அசைகிறதா என்று முதலில் நிறுத்திய வண்டியில் பழகிப் பார்க்க வேண்டும்.

<b>மழையும் வியர்வையும்</b>

சிங்கப்பூரில் சராசரியாக ஆண்டுக்கு 171 நாள் மழை பெய்கிறது. கடற்பாலத்துக்கு அந்தப் பக்கமும் நிலைமை வேறில்லை. ஆகவே நீர் புகாத பூட்ஸ் ஆடம்பரமன்று. நனைந்த கால் விறைத்துப் பிரேக் மிதியை உணராமல் போகிறது. நாள் முழுதும் ஈரத்தில் ஊறினால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வருகிறது.

விலை உயர்ந்த பூட்ஸ்களில் தோலுக்கும் உள்துணிக்கும் நடுவில் மெல்லிய படலம் ஒன்று இருக்கும். கோர்டெக்ஸ் இவ்வகையில் புகழ்பெற்றது. நீர்த்துளி நுழைய முடியாத, ஆனால் வியர்வையின் ஆவி வெளியேறக்கூடிய நுண்துளைகள் அதில் உண்டு. ஆனால் உள்ளே இருக்கும் ஈரப்பதம் வெளியே இருப்பதைவிட அதிகமானால்தான் ஆவி நன்றாக வெளியேறும். காற்றே ஈரமாக இருக்கும் இந்த வட்டாரத்தில், குளிர்நாட்டு விளம்பரம் சொல்லும் அளவுக்குக் கால் உலர்ந்திருக்காது.

மற்றொன்று, நீர் மேல்வாய் வழியாகவும் புகும். அப்படிப் புகுந்தால் நீர் புகாத பூட்ஸ் நீர் வெளியேறாத வாளியாகிவிடும். மழைக் காற்சட்டையைப் பூட்ஸுக்குள் செருகாமல் அதன் மேலே இறக்கிவிடுவதே சரி.

தோட்டத்தில் அணியும் ரப்பர் பூட்ஸ் நீரை நன்றாகத் தடுக்கும். ஆனால் அது தளர்வானது, விழும்போது கழன்றுவிடும். சூடான புகைக்குழாயில் பட்டால் உருகியும் போகும். அது பால்மரத்துக்குப் பொருத்தம்; சாலைக்கு அன்று.

<b>அளவும் பராமரிப்பும்</b>

கால் பகல் முழுதும் சற்றே வீங்குவதால், மாலையில் கடைக்குப் போவது நல்லது. வழக்கமாக அணியும் காலுறையோடு போட்டுப் பார்த்து, கடைக்குள் நடந்து, குந்தி எழுந்து, முடிந்தால் வண்டியில் அமர்ந்து இரண்டு காலையும் தரையில் ஊன்றிப் பார்க்க வேண்டும். வண்டியை நிறுத்திவிட்டு வேலையிடத்துக்கு நடப்பவருக்கு நடையும் முக்கியம். வலிக்கும் பூட்ஸ் எவ்வளவு தரமானதாயினும் ஒரு வாரத்தில் கட்டிலுக்கடியில் போய்விடும்.

நனைந்ததை வெயிலில் காய வைத்தால் தோல் வெடிக்கும். உள்ளே நாளிதழைத் திணித்து, நிழலில் காற்றாட வைப்பதே முறை. பல பூட்ஸ்களின் அடிப்பகுதி பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. இந்தத் தட்பவெப்பத்தில் அது பயன்படுத்தாமல் வைத்திருந்தாலே சில ஆண்டுகளில் ஈரத்தால் சிதைந்து உதிரத் தொடங்கும். கடையில் நெடுநாள் தேங்கிய சரக்கை மலிவு என்று வாங்குவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இறுதியாக, பின்னால் அமர்ந்திருப்பவர். ஓட்டுபவர் பூட்ஸ் அணிந்து, மனைவி சிலிப்பரோடும் பிள்ளை வெறுங்காலோடும் அமர்ந்திருந்தால் பாதுகாப்பு அரைகுறைதான். சக்கரக் கம்பியில் சிக்குவது பெரும்பாலும் பின்னால் அமர்ந்த பிள்ளையின் குதிகால். புகைக்குழாய் சுடுவது பின்னால் அமர்ந்தவரின் கெண்டைக்கால். பள்ளிக்கூடத்துக்குப் போகும் இரண்டு கிலோமீட்டர் பயணத்துக்கும் பிள்ளைக்கு மூடிய காலணி வேண்டும்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். காலுக்கு வருவது காலணியோடு போக வேண்டுமானால், அந்தக் காலணி பைக்குள் அல்ல, காலில் இருக்க வேண்டும்.