சுமந்து செல்வதும் அமானிதமே

 

  

சென்ற ரமளானுக்குச் சில வாரங்களுக்கு முன், அஸர் தொழுகை முடிந்ததும் நம் மஹல்லாவைச் சேர்ந்த தந்தை ஒருவர் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், படிக்க வைத்த பிள்ளை. கூரியர் கம்பெனியில் இரண்டு வருடம் வேலை பார்த்தான். இப்போது அதையும் விட்டுவிட்டு, சொந்தமாக மோட்டார் சைக்கிள் வாங்கிக் கடை கடையாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறானாம். மச்சான் சவூதிக்கு விசா பார்க்கிறேன் என்கிறார். இவன் கேட்க மாட்டேன் என்கிறான். நாளைக்கு எவன் பெண் கொடுப்பான்? நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும்" என்றார்.

மறுநாள் மகன் வந்தான். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். மூர் தெருவில் எந்தக் கடையிலிருந்து எந்த ஊருக்குச் சரக்கு போகிறது, ரிச்சி தெருவில் மொபைல் உதிரி பாகங்கள் எந்த நேரத்தில் தேவைப்படுகின்றன, பெரியமேட்டுத் தோல் மண்டிகளிலிருந்து பல்லாவரம், குரோம்பேட்டைக்குத் தோல் மாதிரிகளை அன்றே கொண்டு சேர்க்க யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் இரண்டு ஆண்டுகளாகப் பார்த்து எழுதி வைத்திருந்தான். புத்தி சொல்ல அழைத்த நான், அந்த நோட்டைப் படித்துவிட்டு அவனுடைய தந்தையை மீண்டும் அழைத்தேன்.

சகோதரர்களே! இது இழிவான தொழில் என்று யார் நமக்குச் சொன்னது? மக்காவை விட்டு வெறுங்கையுடன் மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தமது செல்வத்தில் பாதியையே தர முன்வந்தார்கள். அன்னாரோ அவருக்காக துஆச் செய்துவிட்டு, கடைவீதி எங்கே இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றே தம் வாழ்வைத் தொடங்கினார்கள். ஒருவர் கயிற்றை எடுத்துச் சென்று விறகுக் கட்டைத் தம் முதுகில் சுமந்து வந்து விற்பது, மக்களிடம் கையேந்துவதை விடச் சிறந்தது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை புகாரியில் காண்கிறோம். முதுகில் சுமப்பது அன்று கண்ணியம் என்றால், வண்டியில் சுமப்பது மட்டும் இன்று எப்படி இழிவாகும்?

இன்னும் சொல்லப்போனால், நபித்துவத்திற்கு முன்பே நம் தலைவர் (ஸல்) அவர்கள் கதீஜா (ரலி) அவர்களின் வணிகச் சரக்கை ஷாம் தேசம் வரை கொண்டுசென்று, கணக்கோடு திரும்பி ஒப்படைத்தவர்கள். பிறர் பொருளைச் சுமந்த அந்தக் கரத்தின் நாணயம்தான், 'அல்அமீன்' என்று ஊரே அழைத்த அந்த வாழ்வு. மக்காவாசிகள் கொல்லத் திட்டமிட்ட ஹிஜ்ரத்தின் இரவில்கூட, அதே மக்காவாசிகளின் அடைக்கலப் பொருள்களை உரியவர்களிடம் சேர்ப்பிப்பதற்காக அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள் என்று சீராக் குறிப்புகள் கூறுகின்றன.

அமானிதங்களை அவற்றுக்குரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹ் கட்டளையிடுவதைத் திருக்குர்ஆனின் 4:58ஆம் வசனத்தில் ஓதுகிறோம். இந்த வசனத்தை நாம் ஆட்சியாளர்களுக்கும் அறங்காவலர்களுக்கும் மட்டுமே உரியதாக ஒதுக்கிவிட்டோம். காலையில் பத்துப் பொட்டலங்களைப் பையில் போட்டுக்கொண்டு புறப்படுகிற இளைஞன், பத்து அமானிதங்களோடு புறப்படுகிறான். ஸுலைமான் (அலை) அவர்கள் ஹுத்ஹுத் பறவையிடம் கடிதத்தைக் கொடுத்தபோது, அதைச் சேர்ப்பித்துவிட்டு ஒதுங்கி நின்று அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனிக்கச் சொன்னதாக ஸூரத்துந் நம்லில் (27:28) வருகிறது. சேர்ப்பிப்பது, ஒதுங்கி நிற்பது, மறுமொழியைக் கவனிப்பது ஆகிய மூன்றும் அந்தப் பறவைக்கு ஒப்படைக்கப்பட்ட பணி. இன்று நம் பிள்ளைகளில் சிலர் மாடிப்படி ஏறச் சோம்பி, காவலாளியிடம் வீசிவிட்டு, "கொடுத்தாயிற்று" என்று செய்தி அனுப்பிவிடுகிறார்கள். கதவு திறந்ததும் வீட்டிற்குள்ளே நோட்டம் விடுகிறவர்களும் உண்டு. பார்வையைத் தாழ்த்துவது பாதையின் உரிமைகளில் ஒன்று என்று நபிமொழி இருக்க, வாசற்படியில் நிற்பவனுக்கு அது எவ்வளவு அவசியம்!

அடுத்து, பொருளைக் கொடுத்துவிட்டுப் பணம் பெற்று வரும் முறை. மாலையில் கடைக்காரரிடம் ஒப்படைக்க வேண்டிய ஆறாயிரம் ரூபாய் மதியம் உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. பெட்ரோல் போட இருநூறு ரூபாய் தேவை. "மாலையில் சரிக்கட்டிவிடலாம்" என்று மனம் சொல்லும். அந்தப் பணம் உங்களுடையது அல்ல; கடைக்காரர் அனுமதி இல்லாமல் அதில் பத்து ரூபாயைக்கூட நீங்கள் எடுக்க முடியாது. இருநூறில் தொடங்கியவர்கள் இருபதாயிரத்தில் வந்து நின்று, போனை அணைத்துவிட்டு ஊரைவிட்டு ஓடியதை நாம் பார்த்திருக்கிறோம். இரண்டு பணப்பைகள் வைத்துக்கொள்ளுங்கள். தமக்கு ஏவப்பட்டதை மனமுவந்து முழுமையாக உரியவரிடம் சேர்க்கும் நம்பகமான கருவூலக் காப்பாளர், தர்மம் செய்த இருவரில் ஒருவராகவே கருதப்படுவார் என்பது நபிமொழி (புகாரி). சுமந்து செல்பவனுக்கும் நன்மையில் பங்கு கொடுக்கிற மார்க்கம் இது!

வண்டியை எப்படி வாங்குவது? இங்குதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். முன்பணம் மட்டும் கட்டி, மீதியை வட்டிக் கடனில் எடுத்துப் புது வண்டியில் தொடங்குகிறார்கள். தவணை கட்டத் தண்டல்காரனிடம் போகிறார்கள். ரிஸ்க் தேடப் புறப்படுகிறவன் அல்லாஹ்வும் ரஸூலும் தடுத்த வட்டியோடு எப்படிப் புறப்பட முடியும்? அந்த இளைஞனுக்குப் பழைய வண்டியே போதும் என்றோம். ஜமாஅத் பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் கொடுத்தோம். 2:282ஆம் வசனம் பணிப்பதுபோல் தவணையை எழுதி, சாட்சிகளையும் வைத்தோம். தொழில் தெரிந்த ஏழைக்கு அவனுடைய தொழிற்கருவியை வாங்கும் அளவுக்கு ஜகாத் கொடுக்கலாம் என்று இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் எழுதியிருப்பதையும் செல்வந்தர்கள் நினைவில் கொள்ளட்டும். ஆளுக்கு ஒரு சேலை கொடுத்து வரிசையில் நிறுத்துவதை விட, ஒரு குடும்பத்தை வரிசையிலிருந்தே வெளியேற்றலாம்.

பழைய வண்டி வாங்குபவர்கள் படிவம் 29, 30 ஆகியவற்றைக் கொடுத்துப் பதிவுச் சான்றைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். சொந்த உபயோகத்திற்கான சாதாரணக் காப்பீட்டில், கூலிக்கு ஓட்டுவதும் சரக்கு ஏற்றுவதும் விலக்கப்பட்டிருக்கும். தாளின் கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும் இதை யாரும் படிப்பதில்லை. விபத்து நடந்த பிறகு படிக்கிறார்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் உங்கள் தொழிலை மறைக்காமல் சொல்லி, எது தேவை என்று கேட்டுச் செய்யுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபியின் உம்மத் நாம்.

வருமானக் கணக்கிலும் ஏமாந்துவிடக் கூடாது. நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். வண்டி லிட்டருக்கு 50 கொடுக்கிறது. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். எரிபொருளுக்கே 160 ரூபாய். மாதம் 26 நாட்கள் என்றால் 2,080 கிலோமீட்டர். ஆயில், டயர், பிரேக், செயின் எல்லாம் தேய்கின்றன. கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் வீதம் தினமும் தனி டப்பாவில் போட்டு வைக்காதவன், ஆறாம் மாதம் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டுக் கைபிசைந்து நிற்பான். வீட்டிலுள்ள தாய்மார்களே, அந்த டப்பா உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். அதிலிருந்து பிரியாணிக்கு எடுக்காதீர்கள்!

கூலியை முன்கூட்டியே பேசிவிடுங்கள். கூலி இன்னதென்று தெரியாத ஒப்பந்தம் ஷரீஅத்தில் செல்லாது. "பார்த்துக் கொடுங்க பாய்" என்பது பணிவுபோலத் தோன்றினாலும், சண்டைக்கு வித்து அதுதான். எடை, தூரம், காத்திருக்கும் நேரம், மழை எல்லாவற்றையும் பேசுங்கள். பொருள் உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பலருக்கும் பொதுவாக வேலை செய்யும் கூலியாள், தன் கவனக்குறைவின்றிச் சேதமான பொருளுக்குப் பொறுப்பாவானா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபி மத்ஹபிலேயே இமாம் அபூஹனீஃபா (ரஹ்) ஒரு கருத்திலும், அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூஸுஃப், இமாம் முஹம்மத் (ரஹ்) இருவரும் வேறொரு கருத்திலும் இருக்கிறார்கள். கவனக்குறைவால் நேர்ந்த சேதத்திற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

வேகத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். நிதானம் அல்லாஹ்விடமிருந்து வருவது; அவசரம் ஷைத்தானிடமிருந்து வருவது என்ற நபிமொழி திர்மிதியில் உள்ளது. சிக்னலைத் தாண்டி நீங்கள் மிச்சப்படுத்துவது ஒன்றரை நிமிடம். எதிரே வருபவர் யாருடைய தந்தை என்பது உங்களுக்குத் தெரியாது. தலைக்கவசத்தைப் பெட்ரோல் டாங்கின் மீது வைத்து ஓட்டுகிற இளைஞர்களே, 2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின்படி ஆயிரம் ரூபாய் அபராதம் என்பதற்காக மட்டும் அணியாதீர்கள். அந்தத் தலையும் உங்களிடம் தரப்பட்ட அமானிதம். தொழுகை நேரங்களைப் பயணத் திட்டத்திலேயே எழுதி வையுங்கள். ஊருக்குள் சுற்றுகிறவன் முஸாஃபிர் அல்லன்; கஸ்ருச் சலுகை அவனுக்கு இல்லை. எந்தத் தெருவில் எந்தப் பள்ளிவாசல், எத்தனை மணிக்கு ஜமாஅத் என்று அந்தப் பிள்ளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தான்.

இனி, இன்று இதை நான் பேசக் காரணமான செய்திக்கு வருகிறேன். தொழில் தொடங்கிய மூன்றாம் மாதம், அவனுக்கு அதிக வேலை கொடுத்து வந்த ஒரு வாடிக்கையாளர் ஒட்டப்பட்ட பெட்டி ஒன்றைக் கொடுத்து, வழக்கத்தைப் போல் மூன்று மடங்கு கூலி தருவதாகச் சொல்லியிருக்கிறார். உள்ளே என்ன என்று கேட்டதற்கு, "உனக்கு எதற்கு? கொண்டுபோய்க் கொடு" என்று பதில். தமிழகத்தில் 2013 முதல் தடை செய்யப்பட்ட குட்கா பொட்டலங்கள் எப்படி ஊர் சுற்றுகின்றன என்பதை நாம் அறிவோம். 'குருவி' என்ற சொல்லை நம் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எத்தனை தாய்மார்கள் விமான நிலைய வாசலில் அழுதிருக்கிறார்கள்! மதுவின் விஷயத்தில் சபிக்கப்பட்ட பத்துப் பேரில் அதைச் சுமப்பவனும் ஒருவன் என்று ஹதீஸில் வருகிறது. "நான் சுமந்தேன், அவ்வளவுதான்" என்ற சாக்கு அங்கே செல்லாது.

அவன் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அந்த வாடிக்கையாளரும் போய்விட்டார். அவனுடைய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அவரோடு போயிற்று. என்னிடம் வந்து, "ஹஜ்ரத், நான் செய்தது சரிதானே?" என்று கேட்டான். சரிதான் என்றேன். "அப்படியானால் பைத்துல்மால் தவணையை இந்த மாதம் எப்படிக் கட்டுவது?" என்று கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் அதற்கான பதில், சகோதரர்களே, உங்களிடம் இருக்கிறது.

நோட்டைப் பார்த்தேன். நான்கு கடைகள் அவனுக்குக் கூலி பாக்கி வைத்திருக்கின்றன. ஒரு கடையின் பாக்கி ஏழு வாரமாக நிற்கிறது. அந்தக் கடைகளின் உரிமையாளர்கள் இதே பள்ளியில், இதே ஸஃப்புகளில் அமர்கிறவர்கள். பெயர் சொல்ல மாட்டேன். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறும் ஹதீஸ் குத்ஸி புகாரியில் இருக்கிறது. வசதி உள்ளவன் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்பதும் நபிமொழியே. "சனிக்கிழமை வா தம்பி" என்று நீங்கள் சொல்லும்போது, அவன் அந்தச் சனிக்கிழமைக்காகவும் பெட்ரோல் போட வேண்டியிருக்கிறது. ஹராமான பெட்டியைத் திருப்பிக் கொடுத்த பிள்ளையை, ஹலாலான கூலியைக் கொடுக்காமல் நாம் அந்தப் பெட்டியிடமே திருப்பி அனுப்பிவிடக் கூடாது.

அவனுடைய தந்தையும் இந்த ஜும்ஆவில் இருக்கிறார். மச்சான் பார்த்த விசா இன்னும் காத்திருக்கிறதாம்.

தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று தன் அருளைத் தேடுமாறு அல்லாஹ் 62:10ஆம் வசனத்தில் பணிக்கிறான். தாபியீன்களில் ஒருவரான இராக் இப்னு மாலிக் (ரஹ்) அவர்கள், ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலின் வாயிலில் நின்று, "இறைவா! உன் அழைப்பை ஏற்றேன், தொழுதேன், நீ ஏவியபடி இதோ பரவிச் செல்கிறேன், உன் அருளிலிருந்து எனக்கு வழங்குவாயாக" என்ற கருத்தில் துஆச் செய்வார்களாம். இன்று அந்த இளைஞனும் தொழுதுவிட்டு, தன் பையோடும் நோட்டோடும் வாயிலருகே நிற்பான். பாக்கி உள்ளவர்களுக்கு அவனைத் தெரியும். வேலை கொடுக்க விரும்புகிறவர்கள் அந்த நோட்டில் தம் கடையின் பெயரை எழுதிவிட்டுப் போகலாம்.

அரபி குத்பாவுக்கு நேரமாகிவிட்டது. சுன்னத் தொழாதவர்கள் தொழுதுகொள்ளுங்கள்.