சோரியாசிஸும் உயிரியல் ஊசி மருந்துகளும்



சித்தூரிலும் திருப்பதியிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களில், நோய் கண்டவர் ஈரிடத்தில் வைத்தியம் பார்ப்பது வழக்கம். திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் ஒரு சீட்டு இருக்கும். சித்தூரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூரில் மற்றொரு சீட்டு இருக்கும். சாதாரணக் காய்ச்சலுக்கு இதனால் கேடில்லை. சோரியாசிஸ் நோய்க்கு இப்பொழுது வழங்கப்படும் உயிரியல் மருந்துகளைப் பொறுத்தவரை, இவ்வழக்கம் சற்று எச்சரிக்கையை வேண்டுவதாகும்.

சித்த வைத்தியர்கள் காளாஞ்சகப் படை என்று வழங்கும் இந்நோய் தொற்றுநோயன்று. தோலின் உயிரணுக்கள் அடியில் தோன்றி மேலே வந்து உதிர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். இந்நோயில் அது சில நாட்களிலேயே நடந்துவிடுகிறது. ஆகவே செதில்கள் குவிகின்றன. கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் பாதுகாப்புப் படையே நிலைதவறித் தோலைத் தூண்டிவிடுவதே இதற்குக் காரணம். பலருக்குக் களிம்பும், ஒளிச் சிகிச்சையும், மீதோட்ரெக்சேட் போன்ற மாத்திரைகளும் போதும். அவற்றால் அடங்காத கடும் நோய்க்கும், மூட்டுக்களைத் தாக்கும் நோய்க்குமே உயிரியல் மருந்துகள் தேவைப்படுகின்றன.

இவை உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கப்படும் புரதங்கள். விழுங்கினால் செரித்துவிடுமாதலால் ஊசியாகவே செலுத்தப்படுகின்றன. இவற்றின் பயன் ஒன்றுபோல் இல்லை. 2014இல் வெளியான இரு பெரிய ஆய்வுகளில், செக்குகினுமாப் மருந்தை உயர்ந்த அளவில் பெற்றோருள் 100க்கு 77 முதல் 82 பேருக்கு, 12 வாரங்களில் நோயின் கடுமை முக்கால் பங்கு குறைந்தது. வெறும் ஊசி பெற்றோருள் ஏறத்தாழ 5 பேருக்கே அவ்வாறு குறைந்தது. பெங்களூர் பயோகான் நிறுவனம் 2013இல் வெளியிட்ட இட்டோலிசுமாப் மருந்தின் ஆய்விலோ, அதே அளவு பயன் கண்டோர் 100க்கு 27 முதல் 36 பேர்.

இங்கே ஒரு சொல்லைக் கவனிப்போம். நோய் நீங்கினால் தமிழில் 'குணமாயிற்று' என்கிறோம். தெலுங்கிலோ 'தக்கிந்தி' என்பர். 'குறைந்தது' என்பதே அதன் நேர்ப்பொருள். இம்மருந்துகளின் செயலுக்கு அத்தெலுங்குச் சொல்லே பொருத்தமானது. இவை நோயைக் குறைத்து அடக்கி வைக்கின்றன, வேரோடு களைவதில்லை. தோல் தெளிந்ததும் 'குணமாயிற்று' என்று எண்ணி நாமே ஊசியை நிறுத்தினால், பெரும்பாலோருக்கு நோய் மீண்டும் தலைகாட்டும்.

அடுத்து, பாதுகாப்பு. உலகக் காசநோயாளிகளுள் கால் பங்குக்கு மேற்பட்டோர் இந்தியாவில் உள்ளனர். நோயறிகுறி ஏதுமின்றி, கிருமி உடலில் உறங்கிக் கிடப்போர் அவர்களினும் மிகப் பலர். அக்கிருமியைச் சிறைப்படுத்தி வைக்கும் பொருள்களுள் ஒன்று டி.என்.எஃப். என்பது. அடாலிமுமாப், இன்ஃப்ளிக்சிமாப் போன்ற மருந்துகள் அதனையே தடுக்கின்றன. சிறையின் கதவு திறந்துவிடக்கூடும். ஆகவே முதல் ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரேயும், காசநோய்க்கான தோல் அல்லது இரத்தச் சோதனையும், ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி சோதனையும் செய்யப்படுகின்றன. உறங்கும் காசநோய் தெரிந்தால் முதலில் அதற்குத் தடுப்புச் சிகிச்சை தொடங்குவர். செக்குகினுமாப் போன்ற பிற்கால மருந்துகளில் இவ்வபாயம் குறைவெனினும் சோதனை அவசியமே. எஃபாலிசுமாப் என்னும் மருந்து, மூளையைத் தாக்கும் அரிய தொற்று சிலருக்கு நேர்ந்தமையால் 2009இல் விற்பனையினின்று விலக்கப்பட்டது. கண்காணிப்பு ஏன் தொடர வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

ஓரிடத்தில் தொடங்கிய ஊசியை மற்றோரிடத்து மருத்துவர் அறியாதிருப்பதே ஈரிடத்து வைத்தியத்தின் அபாயம். நோயாளி உயிரியல் மருந்து பெறுபவர் என்று தெரியாமல் பார்க்கப்படும் இருமல், வெறும் இருமலாகவே போய்விடக்கூடும். எனவே மருந்தின் பெயர், அளவு, ஊசி போட்ட தேதி, சோதனை முடிவுகள் ஆகியவற்றை ஒரே ஏட்டில் குறித்து, எம்மருத்துவரிடம் சென்றாலும் முதலில் அதனைக் காட்டுங்கள். இரு வாரத்துக்கு மேற்பட்ட இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு இவற்றுள் எது தோன்றினாலும் அடுத்த ஊசிக்கு முன்பே தெரிவியுங்கள். உயிருள்ள கிருமியாலான தடுப்பூசியை மருத்துவரைக் கேளாமல் போட்டுக்கொள்ள வேண்டாம்.

மும்பையிலோ தில்லியிலோ வாழ்ந்து, விடுமுறையில் சொந்த ஊர் வந்து வைத்தியம் பார்க்கும் தமிழருக்கும் இது பொருந்தும். மாநில எல்லையைக் கடக்கையில் மருந்தோடு அதன் வரலாறும் உடன் வருதல் வேண்டும்.